‘ஆராய்ச்சி ஆர்வம்’ என்ற ஒரு வரி: சூழலியலில் பிஎச்.டி. சேர எதைப் பார்த்து முடிவு செய்வது?

அக்கா மகளுக்கு இந்த முறை நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி செய்ய மாதாமாதம் தரும் உதவித்தொகை, கிடைத்துவிட்டது. விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, இரண்டு முறை எழுதிக் கைநழுவி, மூன்றாவது முறை வந்தது. அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினாள். ஐந்தும் ஐந்து ஆராய்ச்சி நிறுவனங்களின் விஞ்ஞானிகள் பட்டியல். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ‘ஆராய்ச்சி ஆர்வங்கள்’ என்று ஒரே ஒரு வரி. நடத்தைச் சூழலியல், இனத்தொகை மரபியல், வன இயக்கவியல், ஈரநிலச் சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு. கூடவே ஒரு குரல் செய்தி: “எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு மாமா. எதுலதான் போய்ச் சேர?”

நியாயமான கேள்வி. அந்த வரிகளை எழுதுகிறவர்கள் தங்கள் துறைக்காரர்களுக்காக எழுதுகிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. ஆனால் அடுத்த ஐந்து ஆறு வருடம் எப்படிக் கழியும் என்பது முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

எனக்கு அது அனுபவப் பாடம். நான் சேர்ந்த காலத்தில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்தேன், கைடு பெயருக்குக் கீழே ‘பாலூட்டிகளின் சூழலியல்’ என்று இருந்ததைப் பார்த்தேன், சேர்ந்துவிட்டேன். அவர் பாலூட்டிகள் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது போன பிறகுதான் தெரிந்தது. நான் கேட்ட காட்டுக்குள் நுழைய அனுமதி வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. தலைப்பு இரண்டு முறை மாறியது. ஐந்து வருடத்தில் முடிய வேண்டிய தீசிஸ் எட்டாவது வருடத்தில் முடிந்தது. அவர் கடைசியாக எழுதிய ஐந்து பேப்பர்களைச் சேரும் முன்னால் புரட்டியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

அதனால் அவளிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த வரியை ஒரு நாளாக மாற்றிப் பார். காலை ஆறு மணிக்கு எங்கே நிற்பாய், கையில் என்ன இருக்கும், சாயங்காலம் உட்கார்ந்து எதை எண்ணுவாய்? அந்த நாளை ஆயிரம் முறை வாழ முடியுமா என்று கேட்டுக்கொள். அவள் அனுப்பிய ஐந்தையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம். 1983-ல் மாதவ் காட்கில் தொடங்கியது. இங்கே ‘வன இயக்கவியல்’ என்ற வரியின் பின்னால் நம்மூர்க் காடு ஒன்று இருக்கிறது. ராமன் சுகுமார் குழுவினர் 1988-ல் முதுமலையின் இலையுதிர் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து வைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் தண்டு உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, தகடு உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது ஒரு ஆளின் மார்பு மட்டத்தில், டேப்பைச் சுற்றி அளவெடுக்கிறார்கள். ஆண்டுதோறும் திரும்பப் போய் எது செத்தது, எது புதிதாகத் தலையெடுத்தது என்று எழுதுகிறார்கள். யானை முறித்ததா, தீயில் கருகியதா, தானாகச் சாய்ந்ததா என்ற காரணமும் குறிப்பில் ஏறும்.

கேட்கும்போது சலிப்பான வேலையாகத் தெரியலாம். ஆனால் கைடியா கேலிசினா என்ற மரத்தின் கதை அந்தக் குறிப்புகளில் இருந்துதான் வெளியே வந்தது. ஒரு காலத்தில் அந்த நிலத்தில் ஏராளமாக நின்ற மரம் அது. யானைகளுக்கு அதன் மேல் அப்படி ஒரு விருப்பம். முறித்து முறித்துத் தின்றதில் சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஒரு மாணவர் மூன்று வருடம் காட்டில் இருந்துவிட்டு வந்தால் இது தெரியவே தெரியாது. பலர் கை மாறி, பல கோடைகள் கடந்து எழுதிய நோட்டுகள் இருந்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் சேர்கிற பிள்ளைக்கு, அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய டேட்டா காத்துக்கொண்டிருக்கிறது. இது பெரிய கொடுப்பினை. பதிலுக்கு அந்த இடம் கேட்பது புள்ளியியல். டேப் பிடிக்கிற நாட்களைவிட ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிற நாட்கள்தான் அதிகமாக இருக்கும்.

அதே மையத்தில் காட்டுக்கே போகாமல் சூழலியல் செய்தவர்களும் உண்டு என்பது அவளுக்குப் புதுச் செய்தி. ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியை. வீட்டு ஜன்னல் மூலையில் காகிதம் போலக் கூடு கட்டுமே, அந்த வகைக் குளவி. ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் பொட்டு வைத்து, எது எதைத் துரத்துகிறது, எது இரை கொண்டுவருகிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று மணிக்கணக்கில் குறித்தார்கள். இந்தக் குளவியின் ராணி சாதுவானது. அதை எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே தொழிலாளிகளில் ஒன்று மட்டும் ஆவேசமாக மற்றவற்றை விரட்டத் தொடங்குகிறது. அதுதான் அடுத்த ராணி. ராணி இருக்கும் வரை அது யார் என்று பார்க்கிற மனிதருக்குத் தெரியாது. குளவிகளுக்கோ தெரிந்திருக்கிறது என்பதைத்தான் அவர்களுடைய சோதனைகள் காட்டின. இதற்குத் தேவைப்பட்டது ஒரு கூடு, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், அப்புறம் அபாரமான பொறுமை.

அங்கேயே ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் சிள்வண்டுகளின் சத்தத்தைப் படித்தார்கள். ஈகாந்தஸ் ஹென்றியை என்ற மரச்சிள்வண்டின் ஆண் இலையில் ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டு கத்துகிறது. இலை ஒலிபெருக்கியாகிவிடுகிறது. உடலால் சிறியதும் குரல் சன்னமானதுமான ஆண்கள்தான் இந்த வித்தையை அதிகம் செய்கின்றன. இந்த வரியை நாளாக மாற்றினால் அது பகல் இல்லை, இரவு. தலையில் டார்ச், கையில் மைக், புதருக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளிடம் கேட்டேன். “பூச்சின்னா எனக்கு அவ்வளவா ஓடாது மாமா” என்றாள். சரி, அது ஒரு தெளிவு.

இரண்டாவது, பெங்களூரிலேயே இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, பட்டமும் அதன் வழியாகத்தான். இதன் பெயர்தான் அவளை முதலில் இழுத்தது. இங்கே உமா ராமகிருஷ்ணன் குழுவினர் செய்கிற புலி மரபியல் வேலையைப் பற்றி அவள் செய்தித்தாளில் படித்திருக்கிறாள். ஒடிசாவின் சிமிலிபாலில் சில புலிகளுக்குக் கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். டாக்பெப் என்ற ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம்தான் அதற்குக் காரணம் என்று 2021-ல் நிறுவினார்கள். மற்ற காடுகளின் புலிகளோடு தொடர்பற்றுப்போன சின்னக் கூட்டம், அதற்குள்ளேயே இனப்பெருக்கம். அதனால் அரிதாக இருக்க வேண்டிய அந்த மாற்றம் அங்கே சாதாரணமாகிவிட்டது. சிமிலிபாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான புலிகளுக்கு இந்தத் தோற்றம். வண்டலூர் பூங்காவிலும் இப்படிப்பட்ட புலி இருந்தது.

கதை அருமை. ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் உள்ள நாள் எப்படிப்பட்டது? புலி மரபியல் என்றால் புலியைப் பார்ப்பது இல்லை. பெரும்பாலும் புலியின் எச்சத்தைப் பார்ப்பது. குடலின் உட்சுவரிலிருந்து உரிந்த செல்கள் எச்சத்தின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், அதை மட்டும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். வெயில் பட்டிருந்தால், மழையில் நனைந்திருந்தால், டி.என்.ஏ. சிதைந்திருக்கும். நூறு மாதிரி கொண்டுவந்தால் எல்லாமே தேறிவிடாது. அப்புறம் லேப். சின்னக் குழாய்கள், பிப்பெட், பி.சி.ஆர்., திரும்பத் திரும்பத் தவறிப்போகிற சோதனைகள், அதன் பிறகு மாதக்கணக்கில் கணினித் திரை. இதில் உயிரையே வைத்து வேலை செய்கிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு மரபணு வரிசை படிந்து வரும்போது வருகிற சந்தோஷம், எனக்குக் காட்டில் ஒரு கரடியைப் பார்த்தால் வருவதற்குக் குறைந்தது இல்லை. உனக்கு அது வருமா என்பதுதான் கேள்வி. லேப் வேலை அவளுக்கு எம்.எஸ்சி.யிலேயே கசந்தது. பெயருக்காக அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

மரபியலும் மலையும் பாதிக்குப் பாதி கலந்த வேலை வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பதி ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நல்ல இடம். அங்கே ராபின் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் பறவைகளைப் படிக்கிறார்கள். நீலகிரி, ஆனைமலை, பழனி, அகத்தியமலை எல்லாம் ஒரே தொடர் போலத் தெரிந்தாலும் சோலைப் பறவைக்கு அவை தனித்தனித் தீவுகள். பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் கடல் மாதிரி நடுவில் கிடக்கின்றன. சோலைச் சிரிப்பான்களும் நீல நிறச் சோலைக் குருவிகளும் இந்த இடைவெளிகளால் பிரிந்து தனித்தனி இனங்களாகிவிட்டதை மரபணுவை வைத்துக் காட்டி, 2017-ல் மான்டிசின்க்லா, சோலிகோலா என்று இரண்டு புதிய பேரினங்களே வைத்தார்கள். சோலிகோலா என்ற பெயருக்குள் நம்முடைய ‘சோலை’ உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் சீமை மரத் தோட்டங்களாகவும் விவசாய நிலமாகவும் மாறிப்போனதைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்து காட்டியதும் இந்தப் பின்னணியில் நடந்த வேலைதான். அவளுடைய ஐந்தில் திருப்பதி இல்லை. நான்தான் சேர்த்தேன்.

மூன்றாவது, ஆனைகட்டி. கோவையிலிருந்து மலைப்பாதையில் போனால் வரும் சலீம் அலி பறவையியல் மையம். 1990-ல் தொடங்கியது, இப்போது டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. இங்கே இரண்டு விதமான மரபு உண்டு. ஒன்று ரவி சங்கரன் போன்றவர்களின் களப்பணி. அந்தமான் குகைகளில் எச்சிலாலேயே கூடு கட்டும் உழவாரன் குருவியின் கூடுகளை சூப்புக்காகத் திருடி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் திருட்டில் இருந்தவர்களையே குகைகளுக்குக் காவலாக்கினார் அவர். ஒரு குருவியின் வாழ்க்கையை எண்ணியதோடு நிற்காமல், அந்தக் குருவியால் வயிறு வளர்க்கிறவர்களோடு பேசித் தீர்வு கண்ட வேலை அது.

இன்னொன்று நச்சியல். பூச்சிமருந்து, கால்நடை மருந்து, கன உலோகம் இவை பறவை உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று சோதிப்பது. இதை ஏன் ஒருவர் வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், கதை போதும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக்குப் போய், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருக்கும். 2004-ல் காரணம் தெரிந்தது, 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இன்றைக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய பாறுகள் கூடு கட்டுகின்றன என்றால், அறுத்துப் பார்த்த அந்தக் கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு லேப் முடிவு சட்டமாக மாறுவது நம் துறையில் அடிக்கடி நடப்பதில்லை. இந்தப் பிரிவில் நடந்திருக்கிறது.

ஆனைகட்டியில் வேலை நாள் எப்படி என்று கேட்டால், எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேட்பேன். ஒன்றில் பைனாகுலர், இன்னொன்றில் கத்தியும், வேதிப்பொருட்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் இயந்திரமும். ஒரே மையத்துக்குள் இவ்வளவு தூரம் இருக்கும்போது, ‘ஆனைகட்டியில் சேரலாமா’ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. இணைப்புக்குப் பிறகு சேர்க்கை முறை, பட்டம் தரும் பல்கலைக்கழகம் எல்லாம் இப்போது எப்படி என்பதை நேரில் விசாரித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

நான்காவதாக அவள் அனுப்பியிருந்தது ஏட்ரி (ATREE) என்ற சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளை. பெங்களூரில் 1996-ல் கமல்ஜித் பாவா தொடங்கிய நிறுவனம். இதோடு மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையையும் சேர்த்தே பேசுகிறேன். அதுவும் அதே 1996. இரண்டிலும் ‘பாதுகாப்பு’ என்ற சொல் அடிக்கடி வரும். அந்தச் சொல்லை நாளாக மாற்றினால் அதில் பாதி மனிதர்கள். காலை ஆறு மணிக்குக் குளக்கரை, பத்து மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகம், மத்தியானம் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணை.

ஏட்ரிக்கு நம்ம மணிமுத்தாறு பக்கத்தில் ஒரு களமையம் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் மரஉச்சிகளில் நடக்கும் மகரந்தச் சேர்க்கை முதல், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடுகிற கூட்டத்தால் காட்டுக்கும் ஆற்றுக்கும் என்ன ஆகிறது என்பது வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அவர்கள் முன்னெடுத்ததுதான். நானும் அதில் போய் நிற்கிறேன். கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிற கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் சாப்பாட்டுக்கு இந்தக் குளங்களைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு குளத்தில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள், மீன்பாசிக் குத்தகை யாருக்கு, கரையில் எந்த மரத்தை வெட்டினார்கள் என்று தெரியாமல் அங்கே பறவையை மட்டும் படிக்க முடியாது.

வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை செய்வதை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டின் துண்டுகள் தீவுகளாகக் கிடக்கின்றன. திவ்யா முடப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் அந்தத் துண்டுகளை மறுபடி காடாக்க நாற்றங்கால் வைத்து, அந்த மண்ணுக்குரிய மரங்களாகப் பார்த்து நட்டு வருகிறார்கள். ஆனந்தகுமார் குழுவினர் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். யானை எத்தனை என்பது அல்ல, ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புக்கு, நடக்கிற தொழிலாளி யானை எதிரே இருப்பதை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வார்? செல்போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடும் வரி, யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு. அந்த விளக்கை ஒரு செல்போன் அழைப்பாலேயே எரியவைக்கலாம். இந்த வேலைக்காக 2015-ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு அம்மா பையோடு நின்று, திரும்பி, பக்கத்துக் கடையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு எனக்கு இருந்த அர்த்தமே கொஞ்சம் மாறியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நிறுவனங்கள் நிதியைத் தேடித் தேடி ஓட வேண்டியவை. பிஎச்.டி. பட்டம் வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிந்துதான் வாங்க வேண்டும். மக்களோடு செய்கிற வேலைக்கு நேரக்கணக்கு கிடையாது. ஒரு ஊர்க் கூட்டம் தள்ளிப்போனால் உன் ஆறு மாதம் தள்ளிப்போகும். பேப்பர் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். பின்னால் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலைதான் குறி என்றால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, கடல் பக்கம் அவள் அனுப்பியது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வெள்ளாற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. இங்கே கடிகாரம் ஓதம்தான். நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று பார்த்து விடிகாலை இரண்டு மணிக்கும் படகு ஏற வேண்டியிருக்கும். அடிமண்ணை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அலசி, மிஞ்சியதை ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றினால் உயிராக இருந்தவை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்புறம் நுண்ணோக்கியில் குனிந்து, புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிரிக்க வேண்டும்.

பக்கத்தில் பிச்சாவரம். அலையாத்திக் காடு ஏன் அழிந்தது என்பதற்கு அங்கே கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்த சூழலியல் விடைகளில் ஒன்று. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெட்டிய நிலம் காய்ந்து தொட்டி போல உள்வாங்கியது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் நின்று, வெயிலில் வற்றி, மண்ணை உப்பாக்கியது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரமே முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள், காடு திரும்பியது. நோய் மரத்தில் இல்லை, தண்ணீரின் போக்குவரத்தில் இருந்தது. கடல், கழிமுகம் என்றால் உள்ளம் துள்ளுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது. இவளுக்குப் படகு ஏறினாலே தலை சுற்றும். அதனால் இதில் அதிகம் நிற்கவில்லை.

எந்த இடமானாலும் பார்க்க வேண்டிய சில விஷயங்களையும் சொன்னேன். பணத்தை எடுத்துக்கொண்டால், ஜே.ஆர்.எஃப். வைத்திருப்பவளுக்கு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. சொந்தமாக ஃபெலோஷிப் கொண்டுவரும் மாணவியைப் பல கைடுகள் விரும்பி எடுப்பார்கள். அந்தப் பலம் கையில் இருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

அனுமதி இதைவிட முக்கியம். புலிகள் காப்பகத்திலோ சரணாலயத்திலோ ஆராய்ச்சி என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி வாங்காமல் ஒரு இலையைக்கூட எடுக்க முடியாது. குளக்கரை, வயல்வெளி, ஊர்ப்புறம் என்றால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. பதினான்கு மாதம் காத்திருந்தவன் சொல்கிறேன்: கைடிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, ‘இந்த வேலைக்கு அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா?’

கைடைப் பற்றி விசாரிக்க அவரையே கேட்டால் போதாது, அவரிடம் படித்து முடித்தவர்களைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில்? பேப்பர்களில் முதல் பெயர் மாணவருடையதா, கைடுடையதா? கடைசி ஐந்து வருடப் பேப்பர்களும் அந்த ‘ஆராய்ச்சி ஆர்வங்கள்’ வரியும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லை என்றால் நம்ப வேண்டியது பேப்பர்களை.

தமிழ் தெரிவதை நம் பிள்ளைகள் ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை. இங்கிலீஷில் பேச வராது என்று ஒடுங்கிப் போகிறார்கள். முதுமலையிலும் வால்பாறையிலும் அகத்தியமலையிலும் காட்டைக் கற்றுக்கொடுப்பது குறும்பர், காடர், காணிக்காரர்கள்தான். விவசாயியிடம் ‘எந்த மருந்து அடிச்சீங்க, எத்தனை தடவை’ என்று கேட்டு உண்மையான பதிலை வாங்க மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு முடியாது. பேப்பர் எழுதும் இங்கிலீஷை இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். இதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. இந்தத் தகுதி உனக்குப் பிறப்பிலேயே இருக்கிறது என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

நடுவில் அக்கா போனை வாங்கினாள். “பொம்பளப் புள்ள காட்டுல போய்த் தங்கணுமாடா?” நான் சொன்ன பெயர்களில் உமா ராமகிருஷ்ணன், ரோகிணி பாலகிருஷ்ணன், திவ்யா முடப்பா எல்லாரும் பெண்கள்தான் என்று சொன்னேன். களமையத்தில் யாரெல்லாம் தங்குகிறார்கள், ராத்திரி வேலைக்கு எத்தனை பேர் சேர்ந்து போவார்கள், ஜீப் உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு அனுப்பு, கேட்பதில் தப்பே இல்லை என்றேன். அக்கா அந்தக் கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.

கடைசியில் அவளுடைய விருப்பம் இரண்டாகக் குறைந்தது. ஒன்று, குளங்களை நம்பியிருக்கும் பறவைகள். இன்னொன்று, வயலில் அடிக்கிற மருந்து அந்தப் பறவைகளுக்குள் போகிற வழி. முதலாவதற்கு ஏட்ரி பக்கம், இரண்டாவதற்கு ஆனைகட்டி. என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். அவளுக்கு லேப் ஒத்துவராது, மனிதர்களோடு பேச வரும், களம் வீட்டிலிருந்து பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்வி அவளை ராத்திரி தூங்கவிடவில்லை என்கிறாள். அப்படியானால் என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விஞ்ஞானிக்கு மெயில் எழுதியிருக்கிறாள். அவர்களுடைய பேப்பர் ஒன்றைப் படித்து, அதில் தனக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு, நான்கே வரி.

பதில் வரட்டும். அதற்குள் ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வந்துவிடும். அவள் பெயரையும் கொடுத்திருக்கிறேன். திருநெல்வேலி நயினார்குளம், காலை ஆறரை. நான் எண்ணிச் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும்: தாழைக்கோழி, நாமக்கோழி, ஊசிவால் வாத்து, அரிவாள் மூக்கன். மடையடியில் யார் வயலில் நிற்கிறார்களோ அவர்களிடம் இந்தப் போகத்துக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, தாளின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.